ஜப்பானிய சகாக்களோடு கரோக்கே: எந்த ஆங்கிலப் பாட்டு எடுபடும்?

கசாய்வாசி

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் வந்துவிட்டது, எங்கள் அலுவலக போனென்காய்க்கும் (ஆண்டு இறுதி விருந்து) தேதி குறித்தாகிவிட்டது. இசக்காயாவில் (மதுவும் உணவும் தரும் கடை) சாப்பாடு முடிந்ததும் நிஜிக்காய் (இரண்டாம் சுற்று) கரோக்கேதான் என்று புச்சோ (துறைத் தலைவர்) இப்போதே அறிவித்துவிட்டார். குழுவில் நான் ஒருவன்தான் வெளிநாட்டவன். "நீங்கள் ஆங்கிலப் பாட்டு பாட வேண்டும்" என்று என்னிடம் தனியாகவும் கேட்டுக்கொண்டார்.

ஜப்பானியப் பாட்டு பாடலாம் என்றால், திரையில் கான்ஜி எழுத்து ஓடும் வேகத்துக்கு எனக்கு வாசிக்க வராது. ஆங்கிலத்தில் எனக்குப் பிடித்தது லிங்கின் பார்க், கோல்ட்பிளே. கல்லூரி மேடையில் பாடியிருக்கிறேன், சுருதி நிற்கும். ஆனால் 50களில் இருக்கும் புச்சோவும், இந்த ஏப்ரலில் சேர்ந்த பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். இணையத்தில் கிடைக்கும் கரோக்கே பட்டியல்கள் எல்லாம் அமெரிக்க பார்களுக்கு எழுதியவை. இங்கே எது எடுபடும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஒசாக்காக்காரி

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க பாரில் முன்பின் தெரியாத கூட்டத்துக்கு முன்னால் மேடையேறிப் பாடுவார்கள். இங்கே மூடிய அறை, தெரிந்த முகங்கள், மேசையில் தம்புரின். நீங்கள் பாடும்போது மற்றவர்கள் கை தட்டவும் கோரஸில் சேரவும் காத்திருப்பார்கள். அதனால் உங்களுக்கு எது நன்றாக வரும் என்பதைவிட அவர்களுக்கு எது ஏற்கெனவே தெரியும் என்பதுதான் பெரிய கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க நான் பின்பற்றும் வழி ஒன்றுதான். அந்த ஆங்கிலப் பாட்டு ஜப்பானுக்குள் எந்த வாசல் வழியாக வந்தது என்று பாருங்கள். ஜப்பானியப் பாடகர் யாராவது அதைப் பாடியிருக்க வேண்டும், அல்லது நாடகத்திலோ விளம்பரத்திலோ திரும்பத் திரும்ப ஒலித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் எத்தனை வாரம் முதலிடத்தில் இருந்தது என்பதெல்லாம் இங்கே செல்லாது.

ஜான் டென்வரின் "டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்" 1971இல் வந்த பாட்டு. ஜிப்லி என்ற அனிமேஷன் நிறுவனம் 1995இல் எடுத்த "மிமி ஓ சுமசெபா" படம், ஒலிவியா நியூட்டன்-ஜான் பாடிய அதே பாட்டோடுதான் தொடங்கும். படத்துக்குள் கதாநாயகி அதற்கு ஜப்பானிய வரிகள் எழுதுவாள். டோக்கியோவின் மேற்கே உள்ள தாமா குன்றுகளில் நடக்கும் கதை அது. ஆக, பாட்டில் வரும் மேற்கு வர்ஜீனியா எங்கே இருக்கிறது என்று தெரியாத ஜப்பானியருக்கும் இந்தப் பாட்டு சொந்த ஊர்ப் பாட்டு. நீங்கள் ஆங்கிலத்தில் தொடங்குங்கள், இரண்டாவது கோரஸில் பாதி அறை ஜப்பானிய வரிகளில் சேர்ந்துகொள்ளும். இரண்டு மொழியும் ஒரே மெட்டில் ஓடுவது கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

அப்புறம் "ஒய்.எம்.சி.ஏ." அமெரிக்காவில் வில்லேஜ் பீப்பிள் பாடியது. இங்கே 1979இல் சைஜோ ஹிடெக்கி அதை "யங் மேன்" என்று பாடி நாட்டையே ஆட வைத்தார். கைகளால் எழுத்துப் போடும் அந்த அசைவு தெரியாத ஜப்பானியர் யாரையும் நான் பார்த்ததில்லை. உங்கள் புச்சோ எழுந்து நிற்பார், பாருங்கள்.

சுருதிப்பெட்டி

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததையே பாடினால் எல்லா வெளிநாட்டவரும் அதே நான்கு பாட்டைத்தானே பாடுவார்கள்? ஜப்பானியர்கள் நல்ல குரலைக் கேட்டால் மதிக்கத் தெரிந்தவர்கள். கசாய்வாசி சுருதியோடு பாடுகிறவர். கோல்ட்பிளேயில் மெதுவான ஒரு பாட்டை மனம் விட்டுப் பாடினால் வரி புரியாவிட்டாலும் அந்த உணர்ச்சி போய்ச் சேரும். பிடிக்காத பாட்டைக் கூட்டத்துக்காகப் பாடுவது முகத்தில் தெரிந்துவிடும்.

நகோயா நண்பன்

சுருதிப்பெட்டி சொல்வது சின்னக் கூட்டத்துக்குச் சரி. மூன்று நான்கு பேர், எல்லாரும் இசைப் பிரியர்கள் என்றால் நானும் அப்படித்தான் பாடுவேன். அலுவலகக் கூட்டத்தில் நடப்பது வேறு.

தெரியாத மெதுவான ஆங்கிலப் பாட்டு தொடங்கும். முதல் 30 விநாடி எல்லாரும் திரையைப் பார்ப்பார்கள். உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்று ஒருவர் "ஓ..." என்பார். அதன் பிறகு பாட்டுத் தேடும் டேப்லெட் ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு நகரும். எல்லாரும் அடுத்து தாங்கள் பாடப்போவதைத் தேடுவார்கள். முடிந்ததும் தவறாமல் கை தட்டுவார்கள், "உமாய்!" (அருமை) என்றும் சொல்வார்கள். மரியாதைக்குக் குறைவே இருக்காது. ஆனால் அந்த நான்கு நிமிடம் நீங்கள் தனியாகத்தான் பாடிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று நீளம். அறைக்குக் கட்டணம் நேரக் கணக்கில், ஆளுக்கு இவ்வளவு என்று. பத்துப் பேர் ஒரு சுற்றுப் பாடி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகிவிடும். "ஹோட்டல் கலிஃபோர்னியா" இங்கே எல்லாருக்கும் தெரிந்த பாட்டுதான். ஆனால் ஆறரை நிமிடம், அதில் கடைசி இரண்டு நிமிடம் வெறும் கிதார். அத்தனை நேரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? "ஹே ஜூட்" ஏழு நிமிடத்தைத் தாண்டும். அதற்காவது கடைசிப் பகுதியில் எல்லாரும் சேரலாம், அதனால் மன்னிக்கலாம். "அமெரிக்கன் பை" பக்கமே போக வேண்டாம். "கன்ட்ரி ரோட்ஸ்", "ஸ்டாண்ட் பை மீ", "டாப் ஆஃப் த வேர்ல்ட்" எல்லாம் சுமார் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

யோகோஹாமா மழை

"டாப் ஆஃப் த வேர்ல்ட்" பற்றிப் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். அதைப் பாடிய கார்ப்பென்டர்ஸைப் பற்றி இந்த இழையில் இன்னும் அதிகம் பேச வேண்டும் என்பது என் கட்சி.

அமெரிக்காவில் அவர்களைப் பழைய காலத்து ஆட்கள் என்று ஒதுக்கி வைத்திருந்த 1995இல், இங்கே டி.பி.எஸ். தொலைக்காட்சி "மிசெய்னென்" என்ற நாடகத்துக்கு அவர்கள் பாட்டையே தொடக்கமாகவும் முடிவாகவும் வைத்தது. பாடகி கேரன் கார்ப்பென்டர் இறந்து 12 வருடம் ஆன பிறகு, அவர்களுடைய தொகுப்பு லட்சக்கணக்கில் விற்றது. அப்போது உயர்நிலைப் பள்ளியில் இருந்தவர்களுக்கு இன்று 40க்கு மேல் வயது. உங்கள் அலுவலகத்தில் காச்சோ (பிரிவுத் தலைவர்), புச்சோ நாற்காலியில் இருப்பவர்களில் பாதிப் பேர் இவர்கள்தான்.

இவர்கள் பாட்டுகள் ஏன் இங்கே ஒட்டிக்கொண்டன என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. கேரன் ஒவ்வொரு சொல்லையும் முழுதாக, அவசரமில்லாமல் உச்சரிப்பார். கேட்கிறவருக்குக் கொஞ்சம் பள்ளி ஆங்கிலம் இருந்தாலும் கூடவே வர முடியும். திரையில் ஆங்கில வரிக்கு மேல் சின்ன அளவில் கத்தகானா (ஒலியைக் காட்டும் ஜப்பானிய எழுத்து) ஓடும் அல்லவா? வரி மெதுவாகவும் சொற்கள் குறைவாகவும் இருந்தால் அதைப் பார்த்தே யாரும் பாடிவிடலாம். வேகமான ராப்பில் அந்தக் கத்தகானா ஒரு வரிக்குள் அடைத்துக்கொண்டு நிற்கும், யாராலும் வாசிக்க முடியாது. ஆக, பாட்டுத் தேர்வு செய்யும்போது கோரஸை மட்டும் ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். நீண்ட உயிரொலி, குறைந்த சொல், திரும்ப வரும் வரி. இது மூன்றும் இருந்தால் தைரியமாக எடுக்கலாம்.

பெண்களுக்கு இன்னொரு வசதி. கேரன் குரல் கீழ்ஸ்தாயி. மரியா கேரி பாட்டுக்கு ஏறுவதுபோல மூச்சுப் பிடித்து ஏற வேண்டியதில்லை. ஆனால் டிசம்பர் என்பதால் சொல்கிறேன், மரியா கேரியின் கிறிஸ்துமஸ் பாட்டை யாராவது பாடத்தான் போகிறார்கள். 1994இல் ஃபுஜி தொலைக்காட்சி நாடகம் ஒன்றில் வந்து இங்கே பத்து லட்சத்துக்கு மேல் விற்ற பாட்டு அது. அதை வழக்கமாகப் பாடுபவர் அலுவலகத்தில் யாராவது இருப்பார், அவருக்கு விட்டுவிடுங்கள்.

பழையபாட்டு

நான் வேலை பார்ப்பது சின்ன ஊரில். இங்கே கரோக்கே அறைக்குப் போவதைவிட ஸ்நாக் பார் என்ற சின்ன மதுக்கடைக்குப் போவதுதான் அதிகம். கடையை நடத்தும் பெண்மணியான மாமா-சான் கவுண்டருக்குப் பின்னால் நிற்பார், 60, 70 வயதுக்காரர்கள் விஸ்கியில் தண்ணீர் கலந்து வைத்துக்கொண்டு வரிசையாகப் பாடுவார்கள். அங்கே மேலே சொன்ன பட்டியல் கொஞ்சம் மாறும்.

ஸ்நாக்குக்கு என் முதல் தேர்வு "டென்னஸி வால்ட்ஸ்". 1952இல் எரி சியெமி தன் 15ஆவது வயதில் அதை ஆங்கிலமும் ஜப்பானியமும் கலந்து பாடி வெளியிட்டார். ஜப்பானை அமெரிக்கப் படை தன் கையில் வைத்திருந்த காலம் முடியும் தறுவாய், வானொலியெல்லாம் அந்தக் குரல்தான். என் பக்கத்தில் உட்காரும் பெரியவர்களுக்கு அது அம்மா முணுமுணுத்த பாட்டு. மூன்று தாளத்தில் மெதுவாகப் போகும், யாருக்கும் மூச்சு வாங்காது. நான் பாடினால் மாமா-சான் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு இரண்டாவது மைக்கை எடுப்பார். எல்விஸின் "லவ் மீ டெண்டர்", சினாட்ராவின் "மை வே" இரண்டும் அங்கே செல்லும். "மை வே"க்கு முன் ஒன்று கவனியுங்கள், அது கடையில் யாரோ ஒரு பெரியவரின் 18-பானாக (வழக்கமாகப் பாடும் சொந்தப் பாட்டு) இருக்க வாய்ப்பு அதிகம். ஒருவர் தனக்கென்று வைத்திருக்கும் பாட்டை அவர் எதிரில் எடுத்துப் பாடுவது நன்றாக இருக்காது. முதல் தடவை போகும்போது ஒரு சுற்றுக் கேட்டுவிட்டுப் பிறகு தேர்வு செய்யுங்கள். புச்சோவுக்கும் இதே விதிதான்.

கசாய்வாசி

இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. இரண்டு சந்தேகம். ஏப்ரலில் சேர்ந்த பிள்ளைகள் 22, 23 வயது. 1979, 1995 எல்லாம் அவர்கள் பிறப்பதற்கு முன்னால். அவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுவிட மாட்டார்களா? இன்னொன்று, டென்வர் பாடுவது எனக்குக் கொஞ்சம் மேலே. என் குரல் கீழ்ப்பக்கம்.

யோகோஹாமா மழை

பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். "லெட் இட் கோ" வந்தபோது அவர்கள் ஆரம்பப் பள்ளி. 2014இல் அந்தப் பாட்டு உள்ள "ஃப்ரோசன்" படம் ஜப்பானில் மட்டும் 2,550 கோடி யென் வசூலித்தது, திரையரங்கில் கூடவே பாடும் காட்சிகளும் போட்டார்கள். மாட்சு தக்காக்கோ பாடிய ஜப்பானிய வரிகள் அவர்களுக்கு மனப்பாடம். நீங்கள் ஆங்கிலத்தில் ஒரு சரணம் பாடிவிட்டு மைக்கை அவர்களிடம் நீட்டினால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். 30களில் இருக்கும் பெண்கள் இருந்தால் டெய்லர் ஸ்விஃப்ட்டின் "வீ ஆர் நெவர் எவர் கெட்டிங் பேக் டுகெதர்". "டெரஸ் ஹவுஸ்" நிகழ்ச்சியின் தொடக்கப் பாட்டு அது, முதல் கிதார் ஒலிக்கே கத்துவார்கள்.

பழைய பாட்டு என்பதால் பிள்ளைகளுக்குத் தெரியாது என்றும் நினைக்க வேண்டாம். மங்கீஸ் பாடிய "டேட்ரீம் பிலீவர்" 1967ஆம் வருடத்துப் பாட்டு. 1989இல் டைமர்ஸ் குழு அதை ஜப்பானியத்தில் பாடியது, இமாவானோ கியோஷிரோவின் குரல். அந்தப் பதிவைத்தான் செவன்-இலெவன் விளம்பரத்தில் வருடக்கணக்காகப் போட்டார்கள். கோன்பினியில் (24 மணி நேரக் கடை) பால் வாங்கிய எல்லா வயதுக்காரருக்கும் மெட்டு தெரியும்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். "எ ஹோல் நியூ வேர்ல்ட்" மாதிரி டூயட் பாட்டுக்கு, புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். பலர் முன்னால் மறுக்க முடியாமல் எழுந்து வருவார்கள், மனதுக்குள் சங்கடப்படுவார்கள். செக்குஹாரா (பாலியல் தொல்லை) பற்றிய பயிற்சி வகுப்பிலேயே இந்த உதாரணத்தைச் சொன்னார்கள். தானாக வந்து மைக் எடுத்தால் சந்தோஷமாகச் சேர்ந்து பாடுங்கள். வரி புரியாது என்ற தைரியத்தில் ஆபாசப் பாட்டும் வேண்டாம். வெளிநாட்டில் வளர்ந்து திரும்பியவர் ஒருவராவது அறையில் இருப்பார், அவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும்.

நகோயா நண்பன்

குரலுக்கு வழி மெஷினிலேயே இருக்கிறது. கடைகளில் இருப்பது பெரும்பாலும் இரண்டு வகை, டாம் அல்லது ஜாய்சவுண்ட். இரண்டிலும் பாட்டை வரிசையில் போடும்போதே கீயை (சுருதியை) ஏற்றி இறக்கலாம், ஓடிக்கொண்டிருக்கும்போதும் மாற்றலாம். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மெஷின் தரும் கீ எப்போதும் அசல் பாட்டின் கீ அல்ல. அசல் கீ வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பொத்தான் உண்டு. வீட்டில் யூடியூபைப் போட்டுப் பழகிவிட்டு இங்கே வந்து "ஏன் எட்டவில்லை" என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இதனால்தான்.

கன்ட்ரி ரோட்ஸுக்கு நான் இரண்டு அல்லது மூன்று படி இறக்குவேன். அதற்கு மேல் இறக்கினால் சரணம் தரையைத் தொட்டுவிடும், கூடப் பாடும் பெண்களுக்கும் கஷ்டம். முன்பே தனியாகப் போய்ச் சோதித்துப் பாருங்கள். ஒற்றை ஆளாக வருவதை இங்கே யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள், ஹித்தோகரா என்று அதற்குப் பெயரே உண்டு. வார நாளில் பகலில் மலிவு. டேப்லெட்டில் மேற்கத்திய இசை யோகாக்கு என்ற பிரிவில் இருக்கும், பல கடைகளில் திரையை ஆங்கிலத்துக்கும் மாற்றலாம். உங்கள் பாட்டு, உங்கள் கீ இரண்டையும் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கீயை மாற்றுவதில் வெட்கம் எதுவும் வேண்டாம். 1971இல் கோபேயில் இனோவே தைசுக்கே தன் கரோக்கே மெஷினைச் செய்ததற்குப் பின்னால் இருப்பதே இப்படிப்பட்ட கதைதான். அவர் பார்களில் வாசித்த இசைக்கலைஞர். வாடிக்கையாளரான ஒரு கம்பெனி முதலாளி வெளியூர்ப் பயணத்துக்கு அவரை வாசிக்கக் கூப்பிட்டார். போக முடியாததால் அந்த முதலாளியின் குரலுக்குத் தோதாக இசையை மட்டும் டேப்பில் பதிவு செய்து கொடுத்தார். அதிலிருந்து பிறந்த யோசனை. பாடுகிறவருக்கு இசை வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகவே வந்த மெஷின் அது.

சுருதிப்பெட்டி

சரி, என் பக்கத்தையும் முடித்துவிடுகிறேன். குரலையும் காட்ட வேண்டும், அறையும் சேர வேண்டும் என்றால் அதற்கு குவீன் குழு இருக்கிறதே, ஏன் யாரும் சொல்லவில்லை? "ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ" 2004இல் கிமுரா தக்குயா நடித்த "பிரைட்" நாடகத்தின் பாட்டு. 2018இல் வந்த "பொஹீமியன் ராப்சடி" படம் இங்கே 1,300 கோடி யென்னைத் தாண்டியது. அந்தப் பெயருள்ள பாட்டே ஆறு நிமிடம் என்பதால் நகோயா நண்பன் கோபப்படுவார், எனக்குத் தெரியும். ஆனால் நடுவில் வரும் ஓபரா பகுதியை ஆளுக்கொரு குரலாகப் பிரித்துக்கொண்டு பாடும் கூட்டம் அமைந்தால் அந்த ஆறு நிமிடம் போவதே தெரியாது.

அதைவிட அபூர்வமான ஒன்று "டெயோ டொரியாட்டே". 1976ஆம் வருட ஆல்பத்தில் ஜப்பானிய ரசிகர்களுக்காகவே குவீன் செய்த பாட்டு, கோரஸின் ஒரு பகுதி ஜப்பானிய மொழியிலேயே இருக்கும். கசாய்வாசி எழுத்து வாசிக்க வராது என்றார். அந்த ஜப்பானிய வரிகளை மட்டும் காதால் கேட்டு மனப்பாடம் செய்யலாம். மனம் விட்டுப் பாட ஏற்றது, அறையும் கேட்கும். எனக்கு வேண்டியது இரண்டும் இதில் இருக்கிறது.

ஒசாக்காக்காரி

டெயோ டொரியாட்டே அருமையான யோசனை. புச்சோ வயதுக்காரர் குவீன் ரசிகராக இருந்துவிட்டால் கண் கலங்கிவிடுவார்.

ரிக்கி மார்ட்டினின் "லிவின் லா வீடா லோக்கா"வையும் சேர்க்க வேண்டும். 1999இலேயே கோ ஹிரோமி அதை "கோல்ட்ஃபிங்கர் '99" என்று பாடிவிட்டார். கோரஸ் வந்ததும், கையில் சூடு பட்டால் ஜப்பானியர் கத்தும் அந்தச் சொல்லை அறையே சேர்ந்து கத்தும். நீங்கள் ஆங்கில வரியைப் பாடிக்கொண்டே இருங்கள், அவர்கள் குரலில் அது கேட்கவே கேட்காது. சரணம் கொஞ்சம் வேகம், அதனால் பழகிக்கொண்டு போங்கள். "கான்ட் டேக் மை ஐஸ் ஆஃப் யூ"வும் அப்படித்தான். இங்கே எல்லாருக்கும் தெரிந்தது 1982இல் பாய்ஸ் டவுன் கேங் பாடிய டிஸ்கோ வடிவம், தேடும்போது அதைப் பார்த்து எடுங்கள். மெதுவான பழைய வடிவத்தை எடுத்தால் கைதட்ட வேகம் போதாது.

கசாய்வாசி

முடிவு செய்துவிட்டேன். முதலில் ஒய்.எம்.சி.ஏ., அடுத்த சுற்றில் கன்ட்ரி ரோட்ஸ் கீ மூன்று இறக்கி, மூன்றாவது வாய்ப்பு வந்தால் டெயோ டொரியாட்டே. டேட்ரீம் பிலீவர் கையிருப்பு. சனிக்கிழமை தனியாகப் போய்ப் பழகப்போகிறேன். லிங்கின் பார்க்கை என் வயது சகாக்களோடு தனியாகப் போகும்போது வைத்துக்கொள்கிறேன்.

ஒசாக்காக்காரி

வரிசையை மட்டும் மாற்றுங்கள் தம்பி. முதல் சுற்றில் எல்லாரும் இன்னும் கோட்டை மடித்து வைத்துக்கொண்டு, என்ன குடிப்பது என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்போது ஒய்.எம்.சி.ஏ. போட்டால் கை தூக்க ஆள் இருக்காது. கன்ட்ரி ரோட்ஸில் தொடங்குங்கள். டெயோ டொரியாட்டே நடுவில். நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது சுவரில் உள்ள தொலைபேசி அடிக்கும், யாராவது எடுத்து "நீட்டிக்கவில்லை" என்பார்கள். அந்த நேரத்துக்கு ஒய்.எம்.சி.ஏ. தயாராக வரிசையில் இருக்க வேண்டும். அதற்குள் நான்கு பாட்டு முன்பே பதிவாகியிருந்தால் உங்களுடையது ஓடாமலே போய்விடும், ஆகவே கொஞ்சம் முன்னதாகவே போட்டுவிடுங்கள்.

பழையபாட்டு

கடைசிப் பாட்டாக யாராவது "ஆல்ட் லாங் சைன்" யோசனை சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆங்கிலேயர் புத்தாண்டுக்குப் பாடுவதுதான், ஆனால் இங்கே அந்த மெட்டு பள்ளி விடைபெறும் விழாவுக்கும், கடை மூடும் நேரத்துக்கும் உரியது. முதல் வரி முடிவதற்குள் பாதிப் பேர் பையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.